சூரியன்ர ஓரம் எங்க முடியுது?

வெருகலில சூரியன் கடலுக்குள்ள இருந்துதான் எழும்பும். ஆத்து முகத்துவாரப் பக்கம் விடியக்காலமை போனா, கிழக்கால மறைக்க ஒரு மலையும் இல்லை, கட்டடமும் இல்லை. வங்காள விரிகுடாவும் வானமும்தான். ஃபோனைத் தூக்கினா ஒரு சிவப்பு வட்டம் விழும்.

அந்தப் படத்தை ஒரு மென்பொருளிட்டக் குடுத்து, "வட்டத்தின்ர ஓரத்தில ஒரு கோடு கீறு" எண்டா?

கோடு பொருந்தாது. மேலயும் கீழயும் வெளியால நிக்கும், அல்லாட்டி இரண்டு பக்கமும் உள்ளுக்க வெட்டிக்கொண்டு போகும். மென்பொருளில பிழை இல்லை. அது வட்டமே இல்லை!

அடிவானத்தோட ஒட்டி நிக்கிற சூரியன்ர வெளிச்சம் காத்துக்குள்ளால நல்லாச் சாய்ஞ்சு வருது. காத்து அதை வளைச்சு மேல தூக்கிக் காட்டும். கீழ்விளிம்பை ஏறக்குறைய 34 கலை தூக்கும் (60 கலை சேர்ந்தா ஒரு பாகை). மேல்விளிம்பு அரைப்பாகை உயரத்தில நிக்கிறதால அதைத் தூக்கிறது 29 கலை அளவுதான். சூரியன்ர முழு அகலமே 32 கலை. அப்ப, உயரத்தில கிட்டத்தட்ட ஆறில ஒரு பங்கு நசுங்கிப் போச்சு. (இன்னொரு விசயம்: கீழ்விளிம்பு கடலைத் தொடுற மாதிரித் தெரியிற அந்த நேரம், உண்மையான சூரியன் முழுசா அடிவானத்துக்குக் கீழதான் கிடக்கு.)

சரி, சூரியன் உச்சிக்குக் கிட்ட வரட்டும். அப்ப நல்ல வட்டம் கிடைக்கும். அதில ஓரத்தைக் கண்டுபிடிக்கிறது சுகம்தானே?

இல்லை. அங்கதான் கதை தொடங்குது.

(தொடங்க முதல் ஒண்டு. தொலைநோக்கியின்ர முன்வாயில சரியான சூரிய வடிகட்டி போடாமல் கண்ணையும் வைக்கக் கூடாது, ஃபோனையும் வைக்கக் கூடாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் ஒண்டும் சரிவராது.)

சூரியன் ஒரு வாயு உருண்டை. தரை எண்டு ஒண்டு அங்க இல்லை. நாங்கள் "மேற்பரப்பு" எண்டு சொல்லுற ஒளிமண்டலம் சில நூறு கிலோமீற்றர் தடிப்பான ஒரு படை, அவ்வளவுதான். ஆனா 15 கோடி கிலோமீற்றர் தள்ளி நிண்டு பார்க்கேக்க, ஒரு விகலை (கலையில அறுபதில ஒரு பங்கு) எண்டுறது சூரியனில ஏறக்குறைய 725 கிலோமீற்றர். அப்ப அந்தச் சில நூறு கிலோமீற்றர் ஒரு விகலைக்குள்ளயே அடங்கிப் போகும். சூரியன்ர ஓரம் உண்மையில நல்ல கூர். அதை மழுங்கடிக்கிறது எங்கட காத்தும், வில்லையும், கமராவும்தான்.

படத்தைப் பெருப்பிச்சுப் பாருங்கோ. வெள்ளையில இருந்து கறுப்புக்கு ஒரே பாய்ச்சலா வராது. வெள்ளை, கொஞ்சம் மங்கல், சாம்பல், கடும் சாம்பல், கறுப்பு எண்டு பல பிக்சலில இறங்கிப் போகும். இதில எந்தப் பிக்சல் ஓரம்?

முதல் எல்லாரும் செய்யிறது ஒரு எல்லை இலக்கம் வைக்கிறது. "நடுவில இருக்கிற வெளிச்சத்தில பாதிக்கு மேல எண்டா சூரியன், கீழ எண்டா வானம்." நியாயமாத்தான் கேக்குது. ஆனா சூரியன்ர முகம் ஒரே வெளிச்சமா இருக்கிறதில்லை. நடுவைப் பார்க்கேக்க ஆழமான, சூடான படை தெரியும். ஓரத்தைப் பார்க்கேக்க பார்வை சாய்ஞ்சு போறதால மேலால இருக்கிற, சூடு குறைஞ்ச படைதான் தெரியும். அதால ஓரத்துக்குக் கிட்ட வெளிச்சம் நடுவில இருக்கிறதில பாதிக்கும் கீழ இறங்கும். அப்ப "பாதி" எண்ட எல்லை சூரியனுக்கு உள்ளயே விழுந்திடும்! சூரியன் சின்னனாப் போகும். நீல நிறத்தில எடுத்தா இன்னும் உள்ளுக்குப் போகும், ஏனெண்டா நீலத்தில இந்த மங்கல் சிவப்பை விடக் கூட.

எல்லையைக் குறைச்சு வைப்பம் எண்டா வானத்து வெளிச்சம் உள்ளுக்கு வரும். மெல்லிய முகில் ஒண்டு வந்தாலே சூரியன் பொம்மிப் போகும். கமராவில வெளிச்சத்தைக் கூட்டி எடுத்தாலும் அதுதான்.

அதால ஆய்வு செய்யிற ஆக்கள் "எவ்வளவு வெளிச்சம்" எண்டு கேக்கிறதை விட்டிட்டு, "எங்க வேகமா விழுது" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம். நடுவில இருந்து வெளியால நடந்துகொண்டு போனா வெளிச்சம் மெதுவாக் குறையும், பிறகு ஒரு இடத்தில செங்குத்தா விழும், பிறகு சமப்படும். அந்தச் சரிவு ஆகக் கூடின இடம்தான் ஓரம். படம் மங்கலா இருந்தாலும், வெளிச்சம் கூடிக் குறைஞ்சாலும், அந்த இடம் எல்லை இலக்கம் மாதிரி லேசில ஓடித் திரியாது. முழுசா நிக்கும் எண்டும் இல்லை. மங்கல் கூடக் கூட அதுவும் மெல்ல உள்பக்கம் நகரும். 1975 இல ஹில், ஸ்டெபின்ஸ், ஓல்சன் எண்ட மூண்டு பேர், காத்தின்ர தொந்தரவு குறைவாப் படுற மாதிரி, ஃபூரியே மாற்றத்தை வைச்சு ஓரத்துக்கு ஒரு வரைவிலக்கணமே எழுதிச்சினம். ஒரு வட்டத்தின்ர ஓரத்துக்கு வரைவிலக்கணம்! அதுக்காகவே ஒரு ஆய்வுக் கட்டுரை!

இந்த இடத்தை வாசிக்கேக்க உண்மையிலயே ஒரு சந்தோசம் வருது. ஓரம் எண்டது படத்தில சும்மா கிடக்கிற பொருள் இல்லை. இதுதான் ஓரம் எண்டு ஒராள் முடிவெடுத்து, அந்த முடிவை எழுதி வைக்க வேண்டி இருக்கு.

சரி, ஓரப் புள்ளிகளை எடுத்தாச்சு எண்டு வைப்பம். சோபெல் வடிகட்டி மாதிரி ஒண்டைப் போட்டா வெளிச்சம் திடீரெண்டு மாறுற இடமெல்லாம் பளிச்செண்டு தெரியும். சூரியன்ர ஓரம் தெரியும். அதோட கரும்புள்ளியின்ர ஓரம், முகிலின்ர ஓரம், குறுக்கால பறந்த காகம், வயர், தென்னோலை எல்லாமும் தெரியும். இதுக்குள்ள இருந்து வட்டத்தைப் பிரிச்செடுக்க வேணும்.

அதுக்கு ஒரு பழைய, வடிவான வழி இருக்கு. ஹஃப் மாற்றம். போல் ஹஃப் எண்டவர் துகள் இயற்பியல் படங்களில தடங்களைக் கண்டுபிடிக்கிறதுக்காக அமெரிக்காவில காப்புரிமை எடுத்தது, 1962 இல. பத்து வருசத்துக்குப் பிறகு டூடாவும் ஹார்ட்டும் இப்ப பாவிக்கிற வடிவத்துக்கு அதைக் கொண்டு வந்தினம். விசயம் இதுதான்: ஒவ்வொரு ஓரப் புள்ளியும் ஒரு வாக்காளர். "என்னில இருந்து இவ்வளவு தூரத்திலதான் நடு இருக்க வேணும்" எண்டு தன்னைச் சுத்தி இருக்கிற எல்லா இடத்துக்கும் ஒரு வாக்குப் போடும். காகத்தின்ர செட்டைப் புள்ளியும் போடும், ஆனா அதின்ர வாக்கு எங்கயோ சிதறிப் போகும். உண்மையான ஓரப் புள்ளிகளின்ர வாக்கு எல்லாம் ஒரே இடத்தில குவியும். அந்த இடம்தான் நடு.

ஓப்பன்சிவி எண்ட இலவச மென்பொருளில இது ஒரே வரியில இருக்கு. அதைப் பாவிச்ச ஆக்களுக்கு அதின்ர குணமும் தெரியும். வாக்கு எல்லையைக் குறைச்சா பத்து வட்டம் வரும். கூட்டினா ஒண்டுமே வராது. ஆரம் இந்த அளவில இருந்து இந்த அளவுக்குள்ள எண்டு முதலே சொல்லாட்டி, பெரிய கரும்புள்ளி ஒண்டைப் பிடிச்சு "இதுதான் சூரியன்" எண்டு நிக்கும்.

மற்ற வழி மூண்டு புள்ளி. ஓஎல் கணக்கில படிக்கிறதுதான்: ஒரே கோட்டில இல்லாத மூண்டு புள்ளிக்குள்ளால ஒரே ஒரு வட்டம்தான் போகும். கண்டபாட்டுக்கு மூண்டு ஓரப் புள்ளியை எடு, வட்டத்தைக் கீறு, மிச்சப் புள்ளிகளில எத்தினை அந்த வட்டத்தோட ஒத்துப்போகுது எண்டு எண்ணு. திரும்பத் திரும்பச் செய், கூட ஒத்துப்போன வட்டத்தை வைச்சிரு. ரன்சாக் எண்டு பேர், 1981 இல வந்தது. கடைசியா, ஒத்துப்போன புள்ளிகளை மட்டும் வைச்சு இழிவு வர்க்க முறையில (விலகல்களின்ர வர்க்கக் கூட்டுத்தொகையை ஆகக் குறைக்கிற முறை) வட்டத்தைத் திருத்தினா, பிக்சலின்ர சின்னப் பங்கு அளவுக்குத் துல்லியம் வரும்.

கவனிக்க வேண்டிய ஒண்டு: படத்தில முழுச் சூரியனும் இருக்க வேணும். கால்வாசி வில்லு மட்டும் விழுந்த படத்தில, சுகமான இழிவு வர்க்கச் சூத்திரம் ஆரத்தைக் குறைச்சுத்தான் சொல்லும். புள்ளிகள் கொஞ்சம் சிதறினாலே இந்தச் சாய்வு வந்திடும்.

இவ்வளவு பாடு எதுக்கு? ஒரு வட்டம் ஒரு பிக்சல் அங்கால இஞ்சால போனா என்ன?

கொடைக்கானலைப் பாருங்கோ. 1899 இல தொடங்கின சூரிய ஆய்வுக்கூடம், கடல்மட்டத்தில இருந்து 2,343 மீற்றர் உயரத்தில. (1909 இல ஜோன் எவர்ஷெட் கரும்புள்ளிக்குள்ள வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டது இஞ்சதான்.) 1904 இல இருந்து வானம் வெளிச்ச நாளில எல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு வைச்சிருக்கினம். முதல் கண்ணாடித் தட்டு, பிறகு பிலிம். வெள்ளை ஒளிப் படத்தில சூரியன் 20 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நூறு வருசத்துக்கு மேலான இந்தக் களஞ்சியத்தை இந்திய வானியற்பியல் நிறுவனம் 4096 க்கு 4096 பிக்சலில எண்ணிமப்படுத்தி வைச்சிருக்கு.

அந்தத் தட்டுகளில கீறல் இருக்கு, கறை இருக்கு, முகில் இருக்கு, மனுசர் கையால போட்ட குறி இருக்கு. ஒவ்வொண்டிலயும் சூரியன் ஒவ்வொரு இடத்தில நிக்கும். ஒராள் இருந்து ஆயிரக்கணக்கான தட்டுக்குக் கையால வட்டம் கீற ஏலாது. ஓரத்தைத் தேட ஹஃப் முறைதான் பாவிச்சிருக்கினம். கல்சியம் ஒளியில எடுத்த தட்டுகளில இன்னொரு சிக்கல். அந்தக் கருவி சூரியனை ஒரு ஒடுங்கின பிளவால வரி வரியா வருடித்தான் படம் எடுக்கும். வருடுற வேகம் கொஞ்சம் பிசகினா வட்டம் நீள்வட்டமாப் போகும். அதால பிறகு வந்த ஆய்வுகளில வட்டத்துக்குப் பதிலா நீள்வட்டம் பொருத்தியும் பார்த்திருக்கினம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. கரும்புள்ளியின்ர பரப்பை அளக்கேக்க, ஓரத்துக்குக் கிட்ட இருக்கிற புள்ளி சாய்வால ஒடுங்கித் தெரியும், அதைத் திருத்த வேணும். நடுவில இருந்து ஆரத்தின்ர 95 வீதத்தில ஒரு புள்ளி இருந்தா, தெரியிற பரப்பை 3.20 ஆல பெருக்க வேணும். மென்பொருள் ஆரத்தை ஒரே ஒரு வீதம் குறைச்சு எடுத்திருந்தா, அது 3.55 ஆல பெருக்கும். 11 வீதம் பிழை! அதே பிழையான ஆரத்தில, பாதி வழியில இருக்கிற புள்ளிக்கு வாற பிழை 0.3 வீதம்தான். அப்ப ஒரு புள்ளி சூரியனோட சுழண்டு ஓரத்துக்குப் போகப் போக, ஒண்டும் நடக்காமலே வளருற மாதிரி ஒரு பொய் வளர்ச்சி வரும்.

இதை விடப் பெரிய பொய்யும் வந்திருக்கு.

1979 இல ஜோன் எடியும் போர்னாசியனும், கிரீன்விச் வானாய்வகத்தின்ர பழைய அளவுகளைப் பார்த்திட்டு, சூரியன் நூறு வருசத்துக்கு ஏறக்குறைய 2 விகலை சுருங்குது எண்டு அறிவிச்சினம். பேப்பர் எல்லாம் அள்ளிப் போட்டுது. அந்த வேகத்தில போனா சூரியன் ஏறக்குறைய ஒரு லட்சம் வருசத்தில இல்லாமலே போயிடும். அடுத்த வருசமே இர்வின் சப்பீரோ, புதன் சூரியனுக்குக் குறுக்கால போன நேரங்களை 1736 இல இருந்து எடுத்துப் பார்த்தார். அப்பிடியான சுருக்கம் இல்லை, இருந்தாலும் நூறு வருசத்துக்கு 0.3 விகலைக்கு உள்ளதான். அப்ப அந்த 2 விகலை எங்க இருந்து வந்தது? ஆள் மாறினது, கருவி மாறினது, காத்து மாறினது. ஓரம் எண்டு எடுத்த இடம் மெல்ல மெல்ல நகர்ந்திருக்கு, சூரியன் நகரேல்லை.

இதாலதான் ஒரு விசயத்தில எரிச்சல் வரும். சில மென்பொருள் ஆரத்தைத் தசமத்துக்குப் பிறகு ஆறு இலக்கத்தில தரும். எந்த ஓரம், எப்பிடி எடுத்தது எண்டு ஒரு சொல் சொல்லாது. அந்த ஆறு இலக்கத்தை வைச்சு என்ன செய்யிறது? முறையை எழுதாத ஆரத்தை இன்னொரு ஆரத்தோட ஒப்பிட ஏலாது.

புத்தகங்களிலயே பாருங்கோ. சர்வதேச வானியல் ஒன்றியம் 2015 இல பொதுப் பாவனைக்கு ஏத்துக்கொண்ட சூரிய ஆரம் 695,700 கிலோமீற்றர். சோஹோ விண்கலத்தில இருந்து 2003, 2006 புதன் கடப்புகளை வைச்சு அளந்தது 696,342. ஏன் இந்த வித்தியாசம்? ஒரு பெரிய காரணம், படத்தில சரிவு ஆகக் கூடின இடம், கோட்பாட்டுக்காரர் மேற்பரப்பு எண்டு சொல்லுற படைக்கு மேல 300 கிலோமீற்றருக்கும் கூட உயரத்தில நிக்குது. ஒரு சூரியன், இரண்டு ஓரம். எது எண்டு சொல்லிப்போட்டு எழுதினா இரண்டும் சரி.

விண்வெளிக்குப் போனா காத்துத் தொந்தரவு இல்லை. 2010 இல ஏவின எஸ்டிஓ விண்கலத்தின்ர எச்எம்ஐ கருவியில ஒரு பிக்சல் அரை விகலை, சூரியன் ஏறக்குறைய 3,840 பிக்சல் அகலம். விண்கலத்தையே சுத்தித் திருப்பி, வில்லையின்ர கோணல் எது, சூரியன்ர கோணல் எது எண்டு பிரிச்சு எடுத்தினம். 2012 இல வந்த முடிவு: 14 லட்சம் கிலோமீற்றர் விட்டத்தில, நடுக்கோட்டு விட்டத்துக்கும் துருவ விட்டத்துக்கும் இடையில வித்தியாசம் 10 கிலோமீற்றர் அளவுதான். 

ஆனா அதே எஸ்டிஓவின்ர கடும் புறஊதாப் படங்களில ஓரம் சில ஆயிரம் கிலோமீற்றர் மேல நிக்கும், அதுக்கு வெளியாலயும் கொரோனா (சூரியன்ர வெளி வளிமண்டலம்) பத்தி எரியும். வெள்ளை ஒளிக்கு எழுதின ஓரக் கணக்கை அங்க அப்பிடியே கொண்டுபோய்ப் போட ஏலாது.

(சன்பை எண்ட பைதன் நூலகம் பாவிக்கிற ஆக்களுக்கு: அது சூரியனைச் சுத்திக் கீறுற வெள்ளைக் கோடு படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சது இல்லை. கோப்பின்ர தலைக்குறிப்பில இருக்கிற தூரம், நடுப் பிக்சல், பிக்சல் அளவு எல்லாத்தையும் வைச்சுக் கணக்குப் போட்டது. தலைக்குறிப்புப் பிழைச்சா கோடும் பிழைக்கும். சொந்தத் தொலைநோக்கிப் படத்துக்குத் தலைக்குறிப்பே இல்லை, அதுக்குத்தான் மேல சொன்ன தேடல் எல்லாம்.)

2023 செப்டெம்பர் 2 இல சிறிஹரிகோட்டாவில இருந்து போன ஆதித்யா எல்1 சூரிய விண்கலத்துக்கும் ஓரத்தையும் நடுவையும் சரியாப் பிடிக்கிறது உயிர்ப் பிரச்சினை. தென்காசிச் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநரா இருந்து அனுப்பினது. அதில இருக்கிற விஈஎல்சி கருவி சூரியன்ர முகத்தை மறைச்சு, ஆரத்தின்ர 1.05 மடங்கில இருந்தே கொரோனாவைப் பார்க்கும். அந்தக் கொரோனா முகத்தை விட லட்சக்கணக்கான மடங்கு மங்கல். நடு கொஞ்சம் விலகினாலும் முகத்தின்ர வெளிச்சம் ஒழுகி எல்லாத்தையும் மூடிப்போடும்.

திருகோணமலைக்கும் இந்தக் கதையில ஒரு இடம் இருக்கு. 1871 டிசம்பர் 12 முழுக் கிரகணத்தின்ர நிழல் தென்னிந்தியாவையும் இலங்கையின்ர வடக்கையும் தடவிக்கொண்டு போனது. நோர்மன் லொக்கியர் கேரளத்துப் பேக்கலில நிண்டார், ஜான்சன் ஊட்டிப் பக்கம். ஹென்றி மோஸ்லி நிறமாலைக் கருவியோட திருகோணமலையில. (பிறகு சலஞ்சர் கப்பலில உலகம் சுத்தின அதே மோஸ்லி.) 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணத்தின்ர பாதையும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, திருகோணமலை எண்டு வந்தது.

கிரகணப் பாதையின்ர ஓரமே சூரியன்ர ஓரத்திலதான் தொங்குது. ஆவர்ஸ் 1891 இல குடுத்த 959.63 விகலை ஆரத்தைத்தான் வானியல்காரர் நூறு வருசத்துக்கு மேலா வைச்சுக் கணக்குப் போட்டினம். 2024 ஏப்ரல் 8 அமெரிக்கக் கிரகணத்துக்குக் கொஞ்சம் பெரிய ஆரம், 959.95, வைச்சு ஒரு வரைபடம் வந்தது. அதில முழு மறைப்புப் பாதை ஒடுங்கிப் போச்சு. பாதையின்ர விளிம்பில வீடு இருக்கிற ஆக்களுக்கு, ஒரு விகலையின்ர மூண்டில ஒரு பங்கு, கொரோனாவைப் பார்க்கிறதா இல்லையா எண்ட கேள்வி.

எங்கட பக்கம் அடுத்த வளையம் 2031 மே 21. தென்னிந்தியாவையும் இலங்கையின்ர வடக்கையும் வளையக் கிரகணம் தொடும். கிரகணப் படத்தில ஒரு கூடுதல் வசதி இருக்கு. சந்திரனுக்குக் காத்து மண்டலமும் இல்லை, ஓர மங்கலும் இல்லை. அதின்ர ஓரம் கத்தி மாதிரி. படத்தில அது எத்தினை பிக்சலுக்கு மழுங்கித் தெரியுதோ, அவ்வளவும் எங்கட காத்தும் கமராவும் செய்த வேலை. அந்த அளவைச் சூரியன்ர ஓரத்தில இருந்து கழிக்கலாம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கத் தேவையில்லை. வெருகலில ஒரு சின்னத் தொலைநோக்கி, வடிகட்டி, ஃபோன் இருந்தாக் காணும். பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட வாறது ஜனவரி முதல் கிழமை, 14.71 கோடி கிலோமீற்றர். ஆகத் தள்ளிப் போறது ஜூலை முதல் கிழமை, 15.21 கோடி. சூரியன்ர தெரியிற அகலம் அதுக்கேத்த மாதிரி 3.4 வீதம் மாறும். அதை அளக்க ஜனவரியில ஒருக்கா, ஜூலையில ஒருக்காப் படம் எடுங்கோ. ஜனவரியில இஞ்ச மாரி மழை. ஆனா பயமில்லை, இரண்டு கிழமை தள்ளி எடுத்தாலும் ஆயிரம் பிக்சல் சூரியனில அரைப் பிக்சல்தான் மாறும். ஜூலையில கச்சான் காத்து, ஓரம் கொதிக்கிற மாதிரி ஆடும். அதுக்குச் சூடு ஏற முதல், காலமை ஒன்பது மணிக்குள்ள நிறையப் படம் எடுத்துச் சராசரி பாருங்கோ.

இரண்டு தரமும் அதே தொலைநோக்கி, அதே ஃபோன், அதே உருப்பெருக்கம், வெளிச்ச அளவும் அதே. ஓரத்தைத் தேடுற முறையும் அதே, சரிவு ஆகக் கூடின இடம் எண்டா இரண்டிலயும் அதுதான். திகதி, நேரம், முறை எல்லாத்தையும் ஆரத்துக்குப் பக்கத்தில எழுதி வையுங்கோ. உங்கட முறை ஓரத்தைக் கொஞ்சம் உள்ளுக்கு எடுத்தாலும் இரண்டு தரமும் ஏறக்குறைய அதே அளவுதான் உள்ளுக்கு எடுக்கும். ஜூலையில 1,000 பிக்சல் விட்டம் வந்தா, ஜனவரியில 1,034 க்குக் கிட்ட வர வேணும். அந்த 34 பிக்சலை இரண்டு விட்டத்தின்ர கூட்டுத்தொகையால, 2,034 ஆல, பிரியுங்கோ. 0.0167 வரும். பூமியின்ர பாதை எவ்வளவு நீள்வட்டம் எண்டு பாடப்புத்தகத்தில போட்டிருக்கிற இலக்கம் அதுதான்.